ஜன்னல் வரை வந்த தடம்

வியாழக்கிழமை காலை கணவரின் அறை ஜன்னலைத் திறந்தவள் முதலில் பார்த்தது, புல் படுத்துக் கிடந்ததைத்தான். பொதுத் திடலின் விளிம்பில் கிளம்பி, வேலிச் செடிகளின் இடுக்கில் நுழைந்து, அவர்கள் வீட்டுப் பின்பக்கப் புல்வெளியைக் குறுக்கே கடந்து, நேராக அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து முடிந்தது, ஓரடி அகலத்தில் ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் பனி முத்து முத்தாக நிற்க, அந்தக் கோட்டில் மட்டும் ஈரமே இல்லை. நசுங்கிய புல்லின் பச்சை வாடையோடு இன்னொரு வாடையும் உள்ளே வந்தது; பல நாள் கழற்றாத காலுறையின் வாடை.

"எவன்டா இவன், வர்றவன் வாசல் வழியா வரக் கூடாதா?" என்று முணுமுணுத்தாள்.

"யாரு?" என்றார் கட்டிலில் இருந்த கணவர்.

"உங்க ரசிகர் யாரோ. ஜன்னல்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கார்."

"வண்டியே இல்லாத ஊருக்கு ஒரு டிரைவரைக் கூட்டிட்டு வந்தியே டாக்டரம்மா, வேடிக்கை பாக்க வர மாட்டாங்களா?"

முப்பது வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர் அவர். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டு பத்து மாதம் ஆகியிருந்தது. வாயை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்தான். குடியிருப்பே அவளைப் பிசியோ அம்மா என்று கூப்பிட்டாலும், அவர் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து டாக்டரம்மா பட்டத்தை விட்டதில்லை.

இந்தக் குடியிருப்பைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். வாகனங்கள் நுழைவாயிலோடு நின்றுவிடும். கடை, நூலகம், மருந்தகம் எல்லாமே பத்து நிமிட நடைக்குள். படிக்கட்டு இல்லை, புகை இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகாது, காய்கறித் தோல் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகாது. இதற்கெல்லாம் மேலாக அவளுக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. இதைக் கட்டியவர்கள் பாதையே போட்டுக் கொடுக்கவில்லை. மக்கள் எந்த வழியாக நடக்கிறார்களோ அங்கே புல் தேயும். தேய்ந்த இடத்தில் தோட்டக்காரர் சரளைக்கல் கொட்டி இரண்டு பக்கமும் விளிம்பு கட்டுவார். தடம் விழுந்தால் பாதை. நுழைவாயில் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. கால்களை மதிக்கிற இடம் என்று அவள் பூரித்துப்போய் அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

தேநீரை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போய், அந்தக் கோட்டின் பக்கத்தில் முழங்காலிட்டாள். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் நடப்பதைப் பார்ப்பதே அவளுக்குத் தொழில். ஒருவர் வராந்தாவில் நாலடி வைத்தால் போதும், கோளாறு இடுப்பிலா, முட்டியிலா, இல்லை மருமகள் மேலுள்ள கோபத்திலா என்று சொல்லிவிடுவாள். மனிதர் நடந்தால் குதிகால் முதலில் ஊன்றும், பிறகு பாதம் உருளும், கடைசியில் கட்டைவிரல் தள்ளும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பாதம் மொத்தமாக, தட்டை மேசையில் வைப்பதுபோல் இறங்கி, அப்படியே எழுந்திருந்தது. கையால் அளந்தாள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சரியாக இரண்டு சாண். அடுத்ததற்கும் இரண்டு சாண். வேலி வரைக்கும் குனிந்தபடியே போய் அளந்து பார்த்தாள். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விரல் நுனிகள் எல்லாமே வீட்டைப் பார்த்தே இருந்தன. திரும்பிப் போன அடி ஒன்றுகூட இல்லை.

ஜன்னலுக்கு நேர்கீழே புல் வட்டமாகத் தேய்ந்து மண் தெரிந்தது. யாரோ அங்கே நின்ற இடத்திலேயே வெகுநேரம் காலை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்.

"நல்லா இருக்குடா உங்க கூத்து" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பத்து மணிக்குக் குடியிருப்போர் குழுவின் செயலாளர் வந்துவிட்டாள். துக்க வீட்டிலும் சிரித்த முகத்தோடு போகக்கூடிய பெண். கூடவே தோட்டக்காரர், கையில் அடையாளத்துக்கு நடும் சின்னச் சின்னப் பச்சைத் துணிக்கொடிகளோடு.

"வாழ்த்துகள் பிசியோ அம்மா! உங்க வீட்டுக்கு நேராவே தடம் விழுந்திருக்கு. குடுத்து வச்சவங்க நீங்க."

"இந்தாம்மா, யாரோ வந்து என் புருஷன் ஜன்னல்கிட்ட நின்னுருக்காங்க. முதல்ல அது யாருன்னு கண்டுபிடிங்க. அப்புறம் வாழ்த்தலாம்."

"யாரா இருந்தா என்ன? நடந்திருக்காங்க, தடம் விழுந்திருக்கு, பாதை போடணும். பொதுக்குழுவுல நீங்களும்தானே கை தூக்கினீங்க?"

தூக்கினாள்தான். இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

"எங்க வீட்டு இடத்துல என் சம்மதம் இல்லாம ஒரு கல் விழுந்தாலும் நடக்கிறதே வேற" என்றாள்.

செயலாளர் சிரித்தாள். தோட்டக்காரர் குனிந்து கொடிகளை நட்டுக்கொண்டே வந்தார். அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை, நிறுத்தி யோசிக்கவும் இல்லை. அவர் போன பிறகு அவள் அளந்தாள். கொடிக்குக் கொடி இரண்டு சாண்.

அன்று சாயங்காலம் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பூச்சிகளும் பறவைகளும் குழம்பக் கூடாது என்பதற்காக இங்கே விளக்குக் கம்பங்கள் கிடையாது. கணுக்கால் உயரத்தில் மஞ்சள் விளக்குகள் மட்டும் பாதை ஓரமாக மினுங்கும். அதனால் இருட்டத் தொடங்கியதும் இங்கே யாருக்கும் முகம் இருக்காது. கால்கள்தான் வரும், கால்கள்தான் போகும். வந்த புதிதில் அவளுக்கு அது சொர்க்கமாக இருந்தது. செருப்பைப் பார்த்தே நலம் விசாரிப்பாள். இன்றைக்குத்தான் சரளைக்கல் நெரிபடும் அந்த ஓசையைக் காது கொடுத்துக் கேட்டாள். நூறு பேர் நடந்தால் நூறு தாளம் கேட்க வேண்டும், ஒன்று முந்தும், ஒன்று இழுக்கும், ஒரு குழந்தை தத்தும். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தாளம் மட்டும் தனியாக, தடித்து, மாறாமல் வந்துகொண்டிருந்தது. பத்துப் பதினோரு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் காலை வைக்கிறார்கள், ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள். மொத்தப் பாதமும் இறங்குகிறது. மொத்தப் பாதமும் எழுகிறது. குதிகால் எங்கும் முதலில் படவில்லை.

அதில் ஒரு ஜோடிச் செருப்பு எதிர்வீட்டு ஹெட்மாஸ்டருடையது. பணி ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன்பு இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவர். இனி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டார் என்று அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். மூன்றாவது வாரத்தில் அவர் எழுந்து நடந்தார். அறிவிப்புப் பலகையில் அவர் படத்தைப் போட்டார்கள். தான் கொடுத்த பயிற்சிதான் வேலை செய்திருக்கிறது என்று அவளும் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டாள். இப்போது நினைத்தால் கூசியது. நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றதால் இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்த மனிதர் அவர். அந்தச் சாய்வு எங்கே போயிற்று? எலும்பை ஒட்ட வைக்கலாம். ஒருவருடைய நடையை எப்படி எடுத்துவிட முடியும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் மருந்தகத்தை ஒட்டிய தன் சிகிச்சை அறையில் இருந்த நேரம் பார்த்து, ஜன்னல் வரைக்கும் சரளை கொட்டிவிட்டார்கள். மதியம் வந்து பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரளையை அப்படியே விட்டுவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஹெட்மாஸ்டரின் மனைவி கதவை ஒரு கை அளவுக்குத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சார் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி உங்க ஜன்னலுக்கும் பாதை வந்துச்சா?"

அந்த அம்மாள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். உள்ளே எங்கோ நாற்காலி ஒன்று நகர்த்தப்படும் ஓசை கேட்டது, பிறகு காலடி.

"வந்துச்சு. நான்தாம்மா சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டேன். அவரைப் பாக்க யாரோ வர்றாங்கன்னு நெனச்சேன்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"இருக்காரா?" என்றாள் அந்த அம்மாள். "வீட்டுக்குள்ள வந்தா சுவத்தைச் சுத்திச் சுத்தி நடக்கறார். கூப்பிட்டாத் திரும்பறதில்ல. கால்தான் அவரைக் கூட்டிட்டுப் போகுது, அவர் கூடவே போறார். முகத்தை மட்டும் பாத்தா, காப்பாத்துன்னு கத்தற மாதிரியே இருக்கும்மா. உன் வீட்டுக்காரருக்கு இன்னும் நடக்க வரல இல்ல? கூட்டிட்டுப் போயிடு. நான் விட்டுட்டேன், நீ விட்றாத."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் பயந்தாள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பயம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வந்துவிடும், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை மாதிரி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். கொட்டியிருந்த சரளையை ஒரு கல் விடாமல் வாரி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். கொடிகளை ஒடித்தாள். மண்ணைக் கொத்திக் கிளறினாள். முள்செடித் தொட்டிகள் ஆறையும் இழுத்து வந்து ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்தாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன பிசியோ அம்மா, புதுசா தோட்டமா?"

"ஆமாம். கால் வச்சா கிழிச்சிடற தோட்டம். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

உள்ளே வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா வலது கால்ல குறுகுறுங்குது" என்றார். "சொன்னாப் பயந்துடுவியேன்னு சொல்லல."

பத்து மாதமாக எந்த வார்த்தைக்காக அவள் ஏங்கினாளோ அதே வார்த்தை. அவர் பாதத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. பிறகு, தோலுக்கு அடியில், மெதுவாக, அவளுடைய கட்டைவிரலை ஏதோ திருப்பி அழுத்தியது.

அன்றிரவு அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். தூங்கக் கூடாது என்று இருந்தவள் எப்படியோ தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை காலை தொட்டிகள் ஆறும் உடைந்திருந்தன. முள்செடிகள் தரையோடு தரையாக மிதிபட்டுக் கிடந்தன. கொத்திக் கிளறிய மண் இறுகி, வழவழவென்று ஒரு கோடாகக் கிடந்தது. கோடு ஜன்னலோடு நிற்கவில்லை. வெளிச்சுவரில் ஏறியிருந்தது. சுண்ணாம்பில் பாதம் பாதமாக, இரண்டு சாணுக்கு ஒன்று. கடைசிப் பாதம் ஜன்னல் விளிம்பில் இருந்தது, விரல்கள் உள்ளே பார்த்தபடி.

பிற்பகல் மூன்று மணிக்குச் செயலாளர் ஒரு தாளோடு வந்தாள். "குழுவுல முடிவு பண்ணிட்டாங்க. பாதை ஜன்னல்ல போய் முட்டக் கூடாது. பாதைன்னா வாசல்ல முடியணும். நாளைக்குக் காலையில ஆள் வந்து ஜன்னலை வாசலாக்கிடுவாங்க. சாருக்கும் நல்லதுதானே? வெளிய வர வசதியா இருக்கும்."

"அவர் வெளிய வர்றதா இருந்தா நான்தான் கூட்டிட்டு வருவேன். உங்க கமிட்டி இல்ல."

"எல்லாரும் நடக்கற ஊர்ல ஒருத்தர் மட்டும் படுத்தே இருந்தா எப்படிங்க?" என்றாள் செயலாளர். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள். "இந்தாங்க. காகிதத்தை உரக்குழியில போட்டுடுங்க, வீணாக்கக் கூடாது."

கதவைச் சாத்திவிட்டு நகரத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தாள். "கேள்வி எல்லாம் கேக்காத. ஏழு மணிக்கு மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல காரோட நில்லு. உள்ள வண்டி விட மாட்டாங்க. மாமாவை நான் தள்ளிட்டு வந்துடறேன்."

"இப்பவே வரட்டுமாக்கா?"

"நீ அங்கேருந்து வர்றதுக்கே ஏழாயிடும்டா. கிளம்பு."

ஆறரைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். மாத்திரைப் பை, மருத்துவ அறிக்கைகள், இரண்டு உடுப்பு. போதும். பாதைகள் எல்லாமே வளைந்து வளைந்து நடுவிலிருக்கும் பொதுத் திடலுக்குத்தான் போய்ச் சேரும். நுழைவாயிலுக்கு நேராகப் போகும் பாதை ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் யாருமே அந்தப் பக்கம் நடக்கவில்லை.

"பாதையை விட்டுடலாம்" என்றாள். "புல்லு மேலயே நேரா போறோம். குலுங்கும், பொறுத்துக்கங்க."

"மலைப்பாதையில ராத்திரி பஸ் ஓட்டினவன்கிட்ட சொல்ற பேச்சா இது? விடு வண்டிய" என்றார்.

தள்ளினாள். சக்கரம் ஈரப் புல்லில் அழுந்தியது, ஒவ்வொரு முழத்துக்கும் தோள்பட்டை இற்றுப்போனது, அவருடைய எடையும் நாற்காலியின் எடையும் மண்ணின் பிடிவாதமும் சேர்ந்து அவளைப் பின்னுக்கு இழுத்தன, மூச்சில் நசுங்கிய புல்லின் வாடை ஏறியது. இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கின. சரளையில் கால்கள் வந்தன, போயின. அந்தத் தடித்த தாளமும் வந்தது. இப்போது பதினோரு பேர் இல்லை. அதிகம்.

தாளம் நின்றது.

எல்லாக் கால்களும் நின்றன. விளக்கு வெளிச்சத்தில் செருப்புகள், வெறும் பாதங்கள், ஒரு ஜோடிப் பச்சை ரப்பர் பூட்ஸ். ஒன்றாகத் திரும்பின. விரல் நுனிகள் எல்லாம் அவளைப் பார்த்தன.

"என்ன பாக்கறீங்க?" என்று கத்தினாள். "என் புருஷன் நடந்தா அவர் நடை நடப்பார். இல்லன்னா நான் தள்ளுவேன், சாகற வரைக்கும் தள்ளுவேன். உங்க ஓசிக் கால் எங்களுக்கு வேண்டாம்!"

பின்னால் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. பிறகு சரசரவென்று கல் கொட்டும் ஓசை. திரும்பிப் பார்த்தாள். தோட்டக்காரர் குனிந்தபடி வந்துகொண்டிருந்தார். அவளுடைய நாற்காலிச் சக்கரங்கள் புல்லில் போட்டுவிட்டு வந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரளை கொட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால், புதிதாகக் கொட்டிய கல்லின் மேல், கால்கள்.

தடம் விழுந்தால் பாதை. போட்டவள் அவளேதான்.

தள்ளினாள். திரும்பவில்லை. வேலி. நுழைவாயில். ஒருவர் மட்டும் போகும் இடைவெளியில் நாற்காலி சிக்கியது. உதைத்தாள். உலோகம் கீறியது. இன்னொரு உதை.

வெளியே வந்துவிட்டார்கள்.

சக்கரத்துக்கு அடியில் தார் ரோடு. கெட்டியான, கறுத்த, நாற்றம் பிடித்த தார். அவளுக்கு அதைக் குனிந்து முத்தமிடலாம் போலிருந்தது. பஸ் ஸ்டாப்பின் வெள்ளை விளக்கு தெரிந்தது, இருநூறு அடி தூரம்தான்; தம்பியின் கார் இன்னும் வந்திருக்கவில்லை.

"தார்ல தடம் விழாது" என்றாள் மூச்சிரைக்க. "வரட்டும் பாக்கலாம்."

நாற்காலி லேசாகிவிட்டது. தார் ரோடு என்பதால்தான் என்று நினைத்தாள். இன்னும் லேசானது. கைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அப்புறம் நாற்காலி மெல்ல இடது பக்கம் வளைந்தது, நுழைவாயில் பக்கமாக.

அவள் தள்ளுவதை நிறுத்தினாள்.

நாற்காலி நிற்கவில்லை.

முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவருடைய இரண்டு பாதங்களும் பலகையிலிருந்து இறங்கி ரோட்டில் இருந்தன. இடது. வலது. பத்து மாதமாக அசையாத வலது. மொத்தமாக இறங்கி, மொத்தமாக எழுந்து, இரண்டு சாணுக்கு ஒன்றாக, நாற்காலியைத் தங்களோடு இழுத்துக்கொண்டு போயின.

"டாக்டரம்மா" என்றார் அவர். அவள் கேட்டே அறியாத சின்னக் குரல். "நான் ஆட்டலடி. அதுவா ஆடுது."

பிரேக்கை இழுத்து இறுக்கினாள். சக்கரம் தேய்ந்தபடி நகர்ந்தது. பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்து, செருப்பை உதறிவிட்டு, இரண்டு குதிகாலையும் தாரில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து நின்றாள். நாற்காலி நின்றது. கால்கள் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே நடந்தன. இடது. வலது. இடது. நுழைவாயிலுக்குள்ளிருந்து கல் கொட்டும் ஓசை நெருங்கி வந்தது.

"பயப்படாதீங்க" என்றாள். "பிடிச்சிருக்கேன்ல? விட மாட்டேன்." பிறகு இருட்டைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள். "வாங்கடா! எத்தன கால் வருதோ வாங்க! யாருக்கு முதல்ல ஓயுதுன்னு பாத்துடலாம்!"

இடது. வலது. அவருடைய பாதங்களுக்குக் கீழே தார் மெல்லப் பள்ளமாகத் தொடங்கியிருந்தது.